மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் பக்கம்

‘என்ற புள்ளைய வகுப்புல உக்கார வையுங்க’ என்று ஆரம்பிப்பதா, இல்லை ‘வணக்கமுங்க மேடம், நான் வர்ணிகாவோட அம்மாங்க’ என்று ஆரம்பிப்பதா என்பது தமயந்திக்கு இன்னும் தீரவில்லை. கல்வி அலுவலகத்தின் மாடி வராந்தாவில், கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். கல்வி அலுவலர் மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், முடிந்ததும் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டுப் போன உதவியாளர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வெயில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கி அவள் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது. வணக்கத்தில் ஆரம்பித்தால் குரல் தானாகப் பணிந்துவிடும், பணிந்த குரலில் கேட்டால் அது கெஞ்சலாகிவிடும், கெஞ்சினால் ‘சரிம்மா, பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். நேராக ஆரம்பித்தாலோ இந்தம்மா சண்டைக்காரி என்று ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அவளுக்கு அந்தப் பேர்தான். காலையில் குளிக்கும்போது வாக்கியம் முழுசாக இருந்தது. சட்டப்படி எந்தப் பள்ளிக்கூடமும் இந்த மாதிரி ஒரு குழந்தையை வேண்டாமென்று சொல்ல முடியாது, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் வந்தது. தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வர்ணிகா கதவைத் தட்ட ஆரம்பித்தாள், உள்ளங்கையால், ஒரே சீராக, நிறுத்தாமல். உள்ளே அம்மா இருக்கிறாள் என்பதற்காகத் தட்டுகிறாளா, கதவு எழுப்புகிற சத்தத்துக்காகத் தட்டுகிறாளா என்று இத்தனை வருஷமாகத் தெரியாத அந்தத் தட்டல். அதில் வாக்கியம் உடைந்து போயிற்று. இப்போது ‘சட்டப்படி’ என்ற சொல் மட்டும் தனியாக நிற்கிறது. மீதியைக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது.

கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்திலிருந்து மகளின் முனகல் வந்துகொண்டிருந்தது. ம்ம்ம் என்று வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் இழுப்பாள். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை, எழுந்து போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நின்றால்தான் பயம். புருஷன் குழந்தைவேல் அவளை மணிக்கட்டில் பிடித்து ஜீப்புகளைச் சுற்றி நடத்திக்கொண்டிருப்பார். வர்ணிகா ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று விளக்குக் கண்ணாடியைத் தடவிப் பார்ப்பாள், அவள் தடவி முடிக்கிற வரைக்கும் அவரும் நிற்பார். பொறுமைக்காரர். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை. இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ‘நம்ம பக்கம் நாயம் இருக்குது தமயந்தி, அவிங்க ஒத்துக்கிட்டுத்தான் ஆகோணும்’ என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அவருக்குத் தெரிந்த நியாயம் பாதிதான். மீதிப் பாதி அவளிடம் இருக்கிறது. அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் இன்றைக்கு இங்கே வந்தே இருக்க மாட்டார்கள்.

எதிர் பெஞ்சில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் செங்கோட்டுவேல் கைக்குட்டையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டு செல்போனில் யாரிடமோ பஸ் டயர் விலை பேசிக்கொண்டிருந்தார். படியேறி வந்தபோது அவளைப் பார்த்து ‘சாப்டாச்சுங்களாம்மா’ என்று கேட்டார். சண்டைக்கு வந்த ஆள் மாதிரியே இல்லை. அவளும் ‘ஆச்சுங்க’ என்றாள். ஏன் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் முதல்வர் கமலவேணி மேடம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். எல்.கே.ஜி. சேர்க்கப் போன அன்றைக்கு இதே மேடம்தான் வர்ணிகாவின் தாடையைத் தொட்டு, ‘இனிமே இது எங்க புள்ளைங்க, நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க’ என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த அம்மாள் மனசாரத்தான் சொன்னார், தமயந்தி அதை இப்போதும் நம்புகிறாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. சின்ன வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஓடும், கத்தும், தரையில் உருளும், அதில் வர்ணிகா தனியாகத் தெரியவில்லை. வருஷம் ஆக ஆக மற்றப் பிள்ளைகள் கை கட்டி உட்காரப் பழகிக்கொண்டார்கள். இவள் பழகவில்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். பிடரியில் யார் கை பட்டாலும் திரும்பிக் கடித்தாள். கடிபட்ட பையனின் அம்மா வீட்டுக்கே வந்தாள். செல்போனில் படம் காட்டினாள், பையனின் முன்கையில் பல் பதிந்த வட்டம். ‘உங்க புள்ள பாவந்தானுங்க, நான் இல்லேங்கல. என்ற பையன் என்னுங்க பாவம் பண்ணுனான்?’ என்று கேட்டாள். தமயந்தி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பற்கள் எவ்வளவு ஒழுங்காக முளைத்திருக்கின்றன என்று அந்த நேரத்தில் தோன்றியது. பெற்ற மனசுக்கு எதெல்லாம் தோன்றுகிறது. அதற்கப்புறம்தான் மற்றப் பெற்றோர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தது, மேடம் கூப்பிட்டு ‘இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குன்னே தனிப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க, டி.சி. வாங்கிக்கிட்டு அங்க சேத்துருங்க’ என்றது. மேடம் சொன்ன தனிப் பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இல்லை, பக்கத்து மாவட்டத்திலும் இல்லை. விடுதியில் விட வேண்டும். பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை. தமயந்தி முடியாது என்றாள், இந்த அலுவலகத்தில் வந்து புகார் கொடுத்தாள், அதனால்தான் இந்த விசாரணை, இந்தப் பெஞ்சு, இந்த வெயில்.

பெஞ்சின் ஓரத்தில், மற்ற இருவரையும் விட்டுச் சற்றுத் தள்ளி, சுகிர்தா டீச்சர். சின்னப் பெண், கல்யாணமாகவில்லை, வர்ணிகாவின் வகுப்பு டீச்சர். மடியில் கைப்பையை வைத்து அதன் ஜிப்பைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காலையிலிருந்து ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள். பார்க்காமல் இருப்பதே ஒரு பேச்சுதான். போன மாதம் உழவர் சந்தையில், கத்தரிக்காய்க் கடைக்கு முன்னால், பின்னாலிருந்து வந்து முழங்கையைத் தொட்டவள் இவள்தான். ‘அக்கா, ஒண்ணு சொல்லோணும். திரும்பாதீங்க, காய் பொறுக்கற மாதிரியே இருங்க’ என்றாள். ‘பாப்பா வகுப்புல இல்லீங்க்கா. அரைப் பரீட்சை லீவு முடிஞ்சதுல இருந்து வெளையாட்டுச் சாமான் போட்டு வெக்கற ரூமுல உக்கார வெச்சிருக்காங்க. வாசல்ல ஆயா இருப்பாங்க. பெல் அடிக்கறப்ப மட்டும் கதவச் சாத்திருவாங்க, சத்தம் வெளிய வராம.’ தமயந்தி கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ‘என்ற பேர மட்டும் சொல்லிராதீங்க்கா. இந்த வேலைய விட்டா இந்தச் சுத்துல எனக்கு வேற எடமில்ல. எல்லாப் பள்ளிக்கூடமும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்.’ சொல்ல மாட்டேன் என்று தமயந்தி தலையை ஆட்டினாள். கடைக்காரர் அவளுக்காகத் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய்க் கத்துவோம் என்று தன்னைப் பற்றி நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. வந்தது வேறொன்று. இது எனக்குத் தெரியுமே என்றுதான் வந்தது.

தெரியும். எப்படித் தெரியும், யாரும் சொல்லவில்லையே, ஆனாலும் தெரியும். சாயங்காலம் யூனிபாரத்தைக் கழற்றும்போது துணியில் தேங்காய் நார் வாடை அடிக்கும், பழைய பந்துத் தோலும் புழுதியும் கலந்த ஒரு வாடை. பி.டி. பீரியட் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். தினமுமா பி.டி. பீரியட். நோட்டுகள் வெள்ளையாக இருந்தன, சரி, அவள் எப்போதும் எழுதுவதில்லை, ஆனால் முன்பெல்லாம் ஒரு கிறுக்கலாவது இருக்கும், அட்டை கிழிந்திருக்கும், பக்கத்துப் பிள்ளையின் பேனா மை பட்டிருக்கும். ஜனவரிக்கு அப்புறம் நோட்டுகள் கடையில் வாங்கினபடியே திரும்பி வந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் பையில் திரும்ப வைத்தாள். வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அந்த ஜிப் மூடின கை யாருடையது. அப்போது ஏன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், பதில் வந்திருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், கூட்டிக்கொண்டு வந்தால், இந்த இடத்தில் அவளுடைய யோசனை எப்போதும் போல நின்றது. செக்கு மாடு ஒரு கல்லில் இடறுவது போல இந்த இடத்துக்கு வந்ததும் இடறி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் இதே இடத்துக்கு வரும். கூட்டிக்கொண்டு வந்தால் பகல் முழுக்க வீட்டில். காலையில் வேன் வந்து வர்ணிகாவை ஏற்றிக்கொண்டு திருப்பத்தில் மறைந்ததும் தமயந்தி கதவைச் சாத்துவாள். சாத்திவிட்டு வெறும் தரையில் படுப்பாள். தரை குளிர்ந்திருக்கும். தூக்கம் வராது, தூங்குவதற்காகவும் இல்லை. முதுகுத் தண்டு ஒவ்வொரு எலும்பாகத் தரையில் இறங்கும். வீடு அமைதியாக இருக்கும், அந்த அமைதியில் மூச்சு போய் வருகிற சத்தம் கேட்கும், அது தன்னுடைய மூச்சுத்தான் என்று தெரிய ஒரு கணம் ஆகும். அப்புறம் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். தட்டை முன்னால் வைத்து, சம்மணம் போட்டு, சோறு ஆறாமல். வர்ணிகா பிறந்ததற்கப்புறம் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் அந்த வேளையில் மட்டும்தான். மூன்று வயசில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றே ஆஸ்பத்திரி வரவேற்பில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். அதற்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அந்த அறையில் பிள்ளை நார்ப் பாய் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவள் இங்கே சம்மணம் போட்டு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ருசித்துத்தான் சாப்பிட்டாள்.

அதனால்தான் குழந்தைவேலிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்றைக்கே போய் யாரையாவது அடித்திருப்பார், இல்லையென்றால் அழுதிருப்பார், எதுவானாலும் மறுநாளில் இருந்து ‘அனுப்பாத’ என்றிருப்பார். அவர் சொல்வது சரியாகவும் இருந்திருக்கும். அப்புறம் அவர் பட்டறைக்குப் போய்விடுவார். புகாரில் டி.சி. கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று மட்டும்தான் எழுதினாள். அறையைப் பற்றி ஒரு வரி இல்லை. சுகிர்தாவுக்குக் கொடுத்த வாக்கு என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். அது உண்மைதான். அது மட்டும்தான் உண்மையா. பிள்ளைக்காகப் போராடுகிற அம்மா என்று தெருவில் சொல்கிறார்கள், கீழ் வீட்டு ஜோதிமணி அக்கா ‘உன்ன மாதிரி ஒருத்தியப் பாத்ததில்ல’ என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். எதற்காகப் போராடுகிறோம், பிள்ளை படிக்கவா, அந்தக் குளிர்ந்த தரைக்காகவா என்று யாராவது கேட்டால். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் என்ன. இரண்டும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன, ஒன்றை இழுத்தால் மற்றது இறுகுகிறது. வர்ணிகா இப்போது இவள் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். மார்பு லேசாக எழும்ப ஆரம்பித்திருக்கிறது. வயசுக்கு வர இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்றார் டாக்டரம்மா. துணி நனைந்தால் எங்கே இருக்கிறோம் என்று பார்க்காமல் அவிழ்த்துப் போடுகிற பிள்ளை. அவளுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது. யார் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த அறையில் கதவைச் சாத்துகிறார்களே. சாத்தின கதவுக்கு வெளியே ஆயாதான் இருக்கிறாளா, எப்போதுமா, ஆயா டீ குடிக்கப் போனால். இதற்கு மேல் போகாதே என்று தமயந்தி கால் கட்டைவிரலால் செருப்பின் வாரை அழுத்தினாள். நமக்கப்புறம் என்று ஒரு கிணறு எப்போதும் திறந்தே இருக்கிறது, அதன் ஓரமாகத்தான் தினமும் நடக்கிறோம். கொழுந்தன் பெண்டாட்டி தீபாவளிக்குப் பாவாடை எடுத்துக் கொடுப்பாள், நல்லவள், ஆனால் பிள்ளைக்கு எச்சில் வழிந்தால் தன் டம்ளரைத் தள்ளி வைத்துக்கொள்வாள். ஒருமுறை மலைக்கோயிலில் தீபாராதனையின்போது தமயந்தி ‘எனக்கு முன்னாடி அவளக் கூட்டிக்கோ முருகா’ என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடிப்பதற்குள் பயந்துபோய்ப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் அதைப் பக்தி என்று நினைத்திருப்பாள்.

கீழே முனகல் நின்றது. தமயந்தி எழுந்துவிட்டாள். கைப்பிடிச் சுவருக்குப் போவதற்குள் மறுபடியும் ஆரம்பித்தது. அப்போதுதான் உதவியாளர் கதவைத் திறந்து, ‘பள்ளிக்கூடத்து கேஸ், எல்லாரும் வாங்க’ என்றார்.

கல்வி அலுவலர் மேடத்துக்கு ஓய்வு பெறுகிற வயசிருக்கும். நல்ல முகம். தலையில் வைத்திருந்த மல்லிகை மீட்டிங்கிலேயே வாடிப்போயிருந்தது. மேசை ஓரத்தில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. இவள் வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே ‘உக்காருங்கம்மா, உக்காருங்க’ என்றார். ‘குழந்தையக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?’

‘கீழ இருக்குதுங்க. அவிங்க அப்பா வெச்சிருக்காருங்க.’

‘கூப்பிடுங்க. நான் பாக்கணும்.’

குழந்தைவேல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வர்ணிகா உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை, நேராக மேசைக்குப் போய் அதன் மேல் போட்டிருந்த கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். மேடம் டீ கிளாஸைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இழுத்ததற்கு வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். ‘பேர் என்ன கண்ணு?’ வர்ணிகா முனகினாள். கண்ணாடி அதிர்ந்தது, அதன் மேலிருந்த பேனா மெல்ல உருண்டது. அறையில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு இடத்தைப் பார்த்தார்கள். கண்ணாடி ஜில்லென்று இருக்கும், அதனால் படுத்திருக்கிறாள், வேறொன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது தமயந்திக்கு. நானும் அப்படித்தான் படுப்பேன் என்று சொல்ல வேண்டும் போல.

‘சட்டம் தெளிவா இருக்குது சார்’ என்றார் மேடம் தாளாளரைப் பார்த்து. ‘எந்தப் பள்ளிக்கூடமும் இந்த மாதிரி ஒரு குழந்தைய வேண்டாம்னு சொல்ல முடியாது. மத்த பிள்ளைங்களோட சேத்துத்தான் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கணும்.’

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுடைய வாக்கியம். காலையில் இருந்து தேடிக்கொண்டிருந்தது, ஒரு சொல் குறையாமல் அந்த அம்மாள் வாயிலிருந்து வந்துவிட்டது. இனிமேல் சொல்வதற்கு அவளிடம் அது இல்லை. மிச்சம் இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

‘நாங்க எங்கீங்க மேடம் வேண்டாம்னு சொன்னோம்?’ என்றார் செங்கோட்டுவேல். ‘மத்த பெற்றோரெல்லாம் சேந்து எழுதிக் குடுத்திருக்காங்க. அதையும் நான் பாக்கோணுமில்லீங்களா. ஒரு யோசனையாத்தான் சொன்னோம், வேற எடம் பாருங்கன்னு. அதுவும் அந்தப் புள்ளைக்காவத்தான்.’

‘அந்த வகுப்புல இருந்து புள்ளைங்கள வேற வகுப்புக்கு மாத்திக் கேக்கறாங்க மேடம்’ என்றார் கமலவேணி. குரல் களைத்திருந்தது. ‘நானும் தினம் பதில் சொல்லீட்டுத்தான் இருக்கறேன்.’

மேடம் சுகிர்தாவின் பக்கம் திரும்பினார். ‘நீங்கதான் கிளாஸ் டீச்சரா? குழந்தை இப்ப வகுப்புலதான உக்காருது? மத்த பிள்ளைங்களோட?’

ஜிப் சத்தம் நின்றது. ‘ஆமாங்க மேடம்’ என்றாள் சுகிர்தா.

இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது. ஆமாங்க மேடம். இப்போது சொல்லலாம். இல்லீங்க மேடம், பொய்யுங்க, பந்தும் வலையும் போட்டு வெக்கற ரூமுல என்ற புள்ளையப் போட்டு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான். யார் சொன்னது என்று கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை, யூனிபாரத்தில் வாடை அடித்தது என்று சொல்லலாம். எப்போதிருந்து அடித்தது என்று கேட்பார்கள். ஜனவரியில் இருந்து. அப்போதிருந்து ஏனம்மா சும்மா இருந்தீர்கள். பக்கத்து நாற்காலியில் குழந்தைவேல் இருக்கிறார், கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், எல்லாம் கேட்டுக்கொண்டு. சுகிர்தாவின் கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. அந்தப் பெண் சந்தையில் பின்னால் வந்து தொட்டிருக்க வேண்டியதில்லை. தொட்டாள். அவளை எப்படிக் காட்டிக் கொடுப்பது. ஆனால் பிள்ளையைக் காட்டிக் கொடுத்தாயிற்றே, அது எந்தக் கணக்கில். வாயைத் திறந்தபோது அவளே எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தது.

‘எந்த பெஞ்சுங்க டீச்சர்?’

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுகிர்தா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது.

‘மூணாவது பெஞ்சுங்க’ என்றாள். ‘ஜன்னல் பக்கம்.’

‘பக்கத்துல யாருங்க உக்காருவாங்க?’

சுகிர்தாவின் விரல் மறுபடியும் ஜிப்பைத் தேடியது. ‘நிவேதிதா’ என்றாள் சுகிர்தா.

அப்போது நடந்ததை அப்புறம் தமயந்தி தனக்கே விளக்கிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெஞ்சு அவள் கண்ணுக்குத் தெரிந்தது. காலை வெயில் கம்பி கம்பியாக விழுகிற மூன்றாவது பெஞ்சு. வர்ணிகா விரலை வெயிலில் நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். நிவேதிதா என்ற பெண், எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டவள், அழிரப்பரை இவள் பக்கம் நகர்த்தி வைக்கிறாள், பிடரியில் கை படாமல். பொய் என்று தெரியும். தெரிந்தும் அதை விட்டுவிட மனசில்லை. பிள்ளை பிறந்ததில் இருந்து யாரும் அவளுக்கு இவ்வளவு அழகாக ஒன்றைச் சொன்னதில்லை.

‘பாருங்கம்மா, டீச்சர் எவ்வளவு தெளிவாச் சொல்றாங்க’ என்றார் மேடம். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. ‘உங்களுக்கு இது தவிர ஏதாவது சொல்லணுமா?’

குழந்தைவேல் இவளைப் பார்த்தார். சொல்லு என்பது போலத் தலையை அசைத்தார். அவருக்கு இவள் பேச்சில் நம்பிக்கை.

‘இல்லீங்க’ என்றாள் தமயந்தி.

‘அப்ப ஒரே பிரச்சினை மத்த குழந்தைங்களோட பாதுகாப்புதான். அதுக்கு நான் ஒரு வழி சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்கணும்.’ மேடம் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். ‘குழந்தை அதே பள்ளிக்கூடத்துலதான் படிக்கும். டி.சி. பேச்சே இருக்கக் கூடாது. அதே சமயம், அம்மா தினமும் கூடவே போய், சாயங்காலம் பள்ளிக்கூடம் விடற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கட்டும். நானும் ரெண்டு பெத்தவதான்மா. அம்மா பக்கத்துல இருந்தா எந்தக் குழந்தையும் கடிக்காது. நீங்க வேலைக்கு எதுவும் போகலையே? என்ன சார், சம்மதமா?’

‘எங்களுக்கு ரொம்ப சந்தோசமுங்க மேடம்’ என்றார் செங்கோட்டுவேல். அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. கமலவேணி மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

‘சரிங்க மேடம், ரொம்ப நன்றிங்க மேடம்’ என்று குழந்தைவேல் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தமயந்தி வாயைத் திறப்பதற்குள் அது முடிந்துவிட்டது. பகல் முழுவதும். வேன் வந்து போன பிறகும். தரை, தட்டு, மூச்சுச் சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன்னால் வந்து தாமாகவே போயின. அவள் எதையும் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் அவை இருந்திருக்கும், பிள்ளை அந்த அறையில் இருந்திருப்பாள். கொடுத்ததால் அவையும் போயின. ‘என்னம்மா, திருப்திதானே?’ என்று மேடம் கேட்டார். ‘திருப்திங்க’ என்றாள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வர்ணிகாவைக் கண்ணாடியிலிருந்து எழுப்பினபோது கன்னம் வைத்த இடத்தில் ஈரம் இருந்தது. தமயந்தி அதை முந்தானையால் துடைத்தாள், அழுத்தி, சுத்தமாக, யாருக்கும் சிரமம் வைக்காமல்.

வராந்தா முழுக்க வெயிலாகிவிட்டிருந்தது. குழந்தைவேல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார். ‘ஜெயிச்சுட்டம் கண்ணு, ஜெயிச்சுட்டம்’ என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனது கேட்டது. தமயந்தி படிக்கட்டின் திருப்பத்தில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கி வந்தது. சுகிர்தா. முகம் கழுவியிருந்தாள். மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

‘அக்கா, என்னைய மன்னிச்சுருங்க.’

‘நீங்க என்ன பண்ணுவீங்க’ என்றாள் தமயந்தி.

சுகிர்தா போகாமல் நின்றாள். சொல்ல வந்தது அதுவல்ல என்று தெரிந்தது. கைப்பையின் வாரை விரலில் சுற்றி அவிழ்த்தாள். ‘இப்ப மேல எங்க மேடமும் சாரும் பேசிக்கிட்டாங்க’ என்றாள். ‘நாளைக்கு வரும்போது ஒரு பாய் எடுத்துட்டு வந்துருங்க்கா. அங்க நாற்காலி ஒண்ணுதான் இருக்குது.’

எங்கே என்று தமயந்தி கேட்கவில்லை. தேங்காய் நார் வாடை அடிக்கிற இடம்தான். மேலே தாளாளர் சிரிக்கிற சத்தம் கேட்டது, அவள் ஒதுங்கிக் கடகடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

கீழே குழந்தைவேல் ஜீப் நிழலில் நின்றிருந்தார். பிள்ளை விளக்குக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ‘அந்த டீச்சரம்மா என்ன சொல்லீட்டுப் போகுது?’ என்று கேட்டார்.

‘பாய் எடுத்துட்டு வரச் சொல்லுதுங்க.’

‘பாய் எதுக்கு? பெஞ்சுதான் இருக்குதே.’

‘பெஞ்சு புள்ளைங்களுக்குங்க. நான் கீழதான உக்காரோணும்.’

அவர் யோசித்தார். அதிலும் ஒரு நியாயம் இருப்பது போல அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ‘வீட்டுல இருக்கறது ஓரமெல்லாம் பிரிஞ்சு கெடக்குது’ என்றார். ‘அத்தன டீச்சருங்க நடமாடற எடத்துல அதையப் போயி விரிக்கறதா? போற வழில புதுசாவே ஒண்ணு வாங்கிக்கலாம். உனக்குப் புடிச்ச மாதிரி வாங்கிக்க.’

தமயந்தி மகளின் மணிக்கட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

‘பெருசாப் பாருங்க’ என்றாள். ‘ரெண்டு பேரு படுக்கற மாதிரி.’